வண்டிக்கு வாயில்லை

டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் அவர் தன் கட்டைவிரலைத்தான் பார்ப்பார். ரிமோட்டைத் தட்டமாட்டார், உதறமாட்டார், பின்மூடியைக் கழற்றமாட்டார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பொத்தானின் நடுவைப் பார்த்து, பொறுமையாக இன்னொரு முறை அழுத்துவார். அப்படியும் வரவில்லை என்றால், எங்கேயோ தப்பாக அமுக்குகிறேன் என்று சொல்லிவிட்டு டிவி இல்லாமலே இருந்துவிடுவார். மனைவி வேலை முடிந்து வந்து பேட்டரியை மாற்றும்வரை அந்த வீட்டில் கிரிக்கெட் ஓடாது.

எங்கள் தெருவில் அவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். நான் டிரைவரண்ணே என்பேன். விருத்தாசலத்திலிருந்து ஊறுகாய் ஜாடியும் பீங்கான் குழாயும் வைக்கோலில் அடுக்கி, சென்னைக்கும் பெங்களூருக்கும் லாரி ஓட்டியவர். நான் அவருடன் பழக ஆரம்பித்தபோது அவர் லாரியை விட்டிருந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. தெருப்பக்கத்து அறையில், ஜன்னலை ஒட்டிய கட்டிலில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருப்பார். தோளும் கையும் மட்டும் லாரிக்காரருடையவையாகவே இருந்தன. அவர் கொடுக்கும் டம்ளரை வாங்கினால் நம் கை சற்றுக் கீழே இறங்கும்.

லோடுக்கு மேலே ஏறித் தார்ப்பாய் கட்டும்போது கயிறு அறுந்து விழுந்தவர் அவர். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கயிற்றைத் திட்டினார்கள், அதை வாங்கிக் கொடுத்த முதலாளியைத் திட்டினார்கள். அவர் ஒருவர்தான் திட்டவில்லை. கயிறு நைந்திருந்தது, இழுப்பதற்கு முன்னால் தான் பார்த்திருக்க வேண்டும் என்பார். லாரியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். அது பாவம், நின்றுகொண்டுதானே இருந்தது என்பார்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்ன ஒரு டிரைவருடன் அவர் டீ குடிக்காமல் எழுந்து போன கதையை அவரே ஒருநாள் சொன்னார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது. நிஜமாகவே பிரேக் பிடிக்காமல் போகலாமே என்றேன்.

"பிடிக்காம போவும் சார். ஆனா அது காலையிலயே சொல்லியிருக்கும். சத்தத்துல சொல்லும், மிதிச்சா கால்ல சொல்லும். இவன் கேட்டிருக்கமாட்டான். வண்டிக்கு வாயில்ல, அதான் எல்லாரும் அது மேல போட்டுடறாங்க."

அவர் மனைவி அடுப்படியிலிருந்து பதில் சொன்னார்: "எனக்கு வாய் இருக்குதில்ல, அதான் வூட்டுல எது நடந்தாலும் எம்மேல போடுறாரு. நான் ஒரு லாரியா பொறந்திருக்கலாம்."

அவர் சிரித்தார். ஆனால் அந்த அம்மா சொன்னது உண்மையில்லை. மனைவியின் மேலும் அவர் எந்தப் பழியையும் போட்டதில்லை.

நான் வேலை செய்யும் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் செய்கிறோம். சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் அளவு பார்த்து, அரை மில்லிமீட்டர் கூடக் குறைய இருந்தால் கழித்துப்போடுவது என் வேலை. அவர் மனைவியும் அதே பட்டறையில்தான், வேகாத பச்சைத் துண்டுகளின் விளிம்பைக் கத்தியால் சீவிக்கொண்டிருப்பார். என்னை அண்ணே என்பார். எனக்கு எலக்ட்ரானிக்ஸில் பழக்கம் உண்டு என்று அவர்தான் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரைவர் கூப்பிட்டு அனுப்பினார். ஃபோனில் ஒரு வீடியோ காட்டினார். எங்கோ ஒருவர் வீட்டிலேயே செய்த ரிமோட் கார் மணலில் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாரும் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். அவர் கேட்டது, இதற்கு ஸ்டீரிங்கை யார் பிடித்திருக்கிறார்கள் என்று.

சர்வோ என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னேன். தீப்பெட்டி அளவு டப்பா. உள்ளே ஒரு சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், தான் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று தனக்கே சொல்லிக்கொள்ளும் ஒரு பாகம். எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னால் அங்கே போய் நிற்கும், யாராவது தள்ளினாலும் இடத்தை விடாது.

"அப்ப எங்கிட்ட இருந்த கிளீனரவிட நல்லவன்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் கட்டிலில் சாய்ந்தபடி, மார்பின் மேல் ஒரு பலகையை வைத்துக்கொண்டு அலுமினியப் பட்டையை அறுத்தார், ராவினார், துளை போட்டார். பாகங்களை நான் வரவழைத்தேன். முன்னால் கேமராவுக்காகப் பழைய ஃபோன் ஒன்றை நிறுத்தினோம். வீடியோ கால் போட்டால் அந்த ஃபோன் பார்ப்பதை அவர் கட்டிலில் இருந்தே தன் ஃபோனில் பார்க்கலாம். முன் சக்கரங்கள் தரையில் அழுந்தாமல் துள்ளியதால், நான் கழித்துப்போட்ட ஃபியூஸ் அடிப்பாகம் ஒன்றை எடையாகக் கட்டினோம்.

முதலில் வாங்கிய சர்வோ நீல நிறத்தில் இருந்த மலிவான ஒன்று, பிளாஸ்டிக் பல். முதல் நாளே சக்கரம் வாசற்படியில் மோதி, பல் எல்லாம் வழித்துக்கொண்டு போயிற்று. இந்த எடைக்கு அதை வாங்கியது என் தவறு. அவரோ, "படி இருக்கறது எனக்குத் தெரியும் சார். முப்பது வருஷமா இருக்குது" என்றார்.

இரண்டாவது முறை ஒழுங்காகக் கணக்குப் போட்டேன். முன் சக்கரங்களின் மேல் விழும் எடையைப் பட்டறைத் தராசில் பார்த்தேன். வண்டி ஓடும்போது சக்கரத்தைத் திருப்புவது சுலபம். நிற்கும்போது டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்ப வேண்டும், அதற்குத்தான் பலம் அதிகம் வேண்டும். அதைத் தாங்கி அதற்கு மேலும் இரண்டு பங்கு பலம் மிச்சம் இருக்கும்படி, உலோகப் பல் வைத்த பெரிய சர்வோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். அந்தப் பலம் கடைசிவரை தேவைப்படவேயில்லை. நிற்கிற வண்டியில் அவர் ஒருபோதும் ஸ்டீரிங்கை ஒடிக்கவில்லை. துப்பாக்கிப் பிடி போன்ற அந்த ரிமோட்டில், எலுமிச்சம்பழம் அளவுள்ள சக்கரத்தைக்கூட, வண்டி அரைச் சுற்றாவது உருண்ட பிறகுதான் விரலால் தொடுவார்.

புது சர்வோ வேகமாகத் திரும்பும்போதெல்லாம் மின்சாரத்தை மொத்தமாக இழுத்துக்கொண்டது. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் ஒரு நொடி செத்துப் பிழைத்தது. சர்வோவுக்குத் தனியாக ஒரு பேட்டரி கொடுத்தேன், சரியானது. அடுத்து, சக்கரம் கடைசிவரை திரும்பியபின் சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. சர்வோ அதற்கு மேலும் தள்ளப் பார்த்து உறுமிக்கொண்டே சூடானது. அவர் அதைக் கேட்டுவிட்டு, "கஷ்டப்படுது சார், விடச் சொல்லுங்க" என்றார். எங்கள் மலிவான ரிமோட்டில் திருப்பத்துக்கு எல்லை வைக்கும் வசதி இல்லை. அதனால் ரிசீவருக்கும் சர்வோவுக்கும் நடுவில் சிறிய போர்டு ஒன்றை வைத்து, இடது பக்கம் இவ்வளவு, வலது பக்கம் இவ்வளவு, அதற்கு மேல் போகாதே என்று அதில் எழுதினேன். நேராக நிற்பதற்கான சிக்னல் ஆயிரத்து ஐந்நூறு. அதிலிருந்து இரண்டு பக்கமும் நானூறு வரை போக விட்டேன். லேப்டாப்பைச் சொருகினால்தான் அந்த எண்ணை மாற்ற முடியும். லேப்டாப் என்னுடையது.

தெருவில் இரண்டு பழுதான ஊறுகாய் ஜாடிகளை நிறுத்தி அவர் எட்டு போட்டுப் பழகினார். லைசென்ஸ் வாங்கப் போகிறவர்கள் போடும் அதே எட்டு. ஜன்னல் வழியாக நேரில் பார்த்து ஓட்டவில்லை. ஃபோனில் தெரிவதை மட்டும் பார்த்து ஓட்டினார், படம் அரை நொடி தாமதமாகத்தான் வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். பிறகு ஒருநாள், தெருமுனையில் திரும்பிவிட்டார்.

எங்கள் தெரு நேராகப் போய், டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒரு மதில் சுவருக்கும் நடுவில் சட்டென்று இடது பக்கம் ஒடியும். இரண்டு பக்கமும் திறந்த சாக்கடை. பின்னால் எடுத்துத் திருப்ப இடமில்லை, ஒரே ஒடிப்பில் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் மெயின் ரோட்டின் ஓரம், அங்கே லாரிகள் நிற்கும் டீக்கடை. அவருடன் ஓட்டியவர்கள் இன்னும் அங்கேதான் நின்று டீ குடிக்கிறார்கள். அவர் விழுந்த புதிதில் பார்க்க வந்தவர்கள் பிறகு வரவில்லை. அவர்கள் மேலும் அவர் குறை சொன்னதில்லை, லோடுக்காரனுக்கு ஏது நேரம் என்பார். இப்போது அவரே போய்விட்டார். கார் போய் பெஞ்சுக்குக் கீழே நின்றதும் யாரோ குனிந்து ஃபோனைப் பார்த்து, டேய் நம்ம டிரைவருடா என்று கத்தினானாம். யாருக்கு எங்கே லோடு, எந்த டோல்கேட்டில் எவ்வளவு நேரம், எந்தப் பாலத்தில் வேலை நடக்கிறது என்று அவருக்கு எல்லாம் மறுபடி தெரிய ஆரம்பித்தது. சாயங்காலம் நான் போனால் மங்கலம்பேட்டை ரோட்டில் எங்கே பள்ளம் என்று எனக்கே சொல்வார். அந்த நாட்களில் அவர் சட்டை போட்டுக்கொண்டு இருந்தார். அதற்கு முன்னால் பனியன்தான்.

பிறகு ஒருநாள் அந்தக் கார் ரோட்டோரம் வந்ததைப் பார்த்து, பைக்கில் வந்த ஒருவர் பிரேக் அடித்துச் சறுக்கி விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஆள் டிரைவர் வீட்டு வாசலுக்கே வந்து தெருவே கேட்கும்படி பேசினார். டிரைவர் கட்டிலில் இருந்தபடி கைகூப்பி, தப்பு என்னுதுங்க என்றார். மனைவி வாசலில் நின்று அழுதார்.

மறுநாள் பட்டறையில், டீ நேரத்தில் அந்த அம்மா என்னிடம் வந்தார். அடுத்த முறை லாரி ஏறிவிடும் என்றார். அந்த வண்டி நசுங்கினால் இவர் மறுபடி நசுங்கிப்போவார், இரண்டாவது தடவை தன்னால் தூக்கி நிறுத்த முடியாது என்றார். நீங்களே சொல்லி நிறுத்துங்களேன் என்றேன்.

"நான் சொன்னா உடனே நிறுத்திடுவாரு அண்ணே. ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு. அதுக்கப்புறம் அந்த மூஞ்சிய நான் எப்படி பாக்கறது? முனையில மட்டும் திரும்பாம பண்ணிடுங்க. தெருவுக்குள்ள எவ்வளவு வேணாலும் ஓட்டட்டும்." கொஞ்சம் போன பிறகு திரும்பி வந்து, "ஒரேயடியா வேணாம். தெரிஞ்சிடும்" என்றார்.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. வண்டியைப் பிடுங்குவதைவிட ஒரு எண்ணைக் குறைப்பது இரக்கமான காரியம் என்று நினைத்தேன். என்னிடம் அளவு சொன்னால் அளவாகச் செய்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேட்டரி பார்க்க வேண்டும் என்று சொல்லி லேப்டாப்பைச் சொருகினேன். நானூறை முந்நூற்று எழுபத்தைந்து ஆக்கினேன். அடுத்த ஞாயிறு இன்னொரு இருபத்தைந்து. அதற்கடுத்ததும் அப்படியே. அறையில் வெளிச்சம் போதாது என்று அவர் தன் ஃபோன் டார்ச்சைப் போட்டு, நான் வேலை செய்யும் இடத்தில் சரியாக விழும்படி பிடித்துக்கொண்டிருப்பார். கை ஆடாது. நான் எண்ணை மாற்றிச் சேமித்து வயரை உருவும்வரை அந்த வெளிச்சம் அசையாமல் அங்கேயே இருக்கும்.

ஜாடிகளை இன்னும் ஒரு சாண் தள்ளி வைக்கச் சொன்னார். அடுத்த வாரம் இன்னும் ஒரு சாண். பழக்கம் விட்டுப்போச்சு சார் என்றார். தெருமுனையில் கார் முதல் தடவை சாக்கடையில் இறங்கியபோது, கீரைக்காரம்மா ஒருவர் எடுத்துத் துடைத்து வீட்டில் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டாவது தடவை நான்தான் எடுத்து வந்தேன். அவர் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துணியால் துடைத்தார். உனக்கு ஒன்றும் ஆகலையே என்று கேட்பது போலத்தான் இருந்தது. சர்வோவின் கம்பியையோ போர்டையோ அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அங்கேதான் முதலில் கை வைத்திருப்பார்கள். நானாக இருந்தால் அங்கேதான் வைத்திருப்பேன்.

அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். எந்த எண்ணையும் யோசிக்காமல் மாற்றுகிறவன் இல்லை நான். இந்த ஒருவரிடத்தில் மட்டும், வண்டியில் செய்கிற குறை வண்டியில் நிற்காது, நேராக அவர் கைக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரிமோட் பொத்தானுக்கு விரலைப் பார்க்கிற மனிதர் என்று மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்தவனே நான்தான்.

முனைவரை போய் நின்று திரும்பி வருவதென்று அவர் வழக்கப்படுத்திக்கொண்டார். பிறகு ஜாடிகள் வரை. பிறகு வண்டி கட்டிலுக்கு அடியில், சார்ஜ் ஏறியபடி, அப்படியே இருந்தது. பேட்டரி கெடாமல் இருக்கட்டும் என்று அதை மட்டும் மறக்காமல் செய்தார். மறுபடி பனியனுக்கு வந்துவிட்டார். அந்த அம்மா என்னைப் பட்டறையில் பார்த்தால் நன்றி சொல்வது போலத் தலையசைத்தார். நானும் அசைத்தேன்.

ஒருநாள் நான் போனபோது அவர் வலது கையின் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். டம்ளரை இடது கையால் நீட்டினார். என்ன என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றார். வற்புறுத்திக் கேட்டபோதுதான் குரலை இறக்கிச் சொன்னார். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது டாக்டர் சொல்லி அனுப்பினாராம், எப்போதாவது கை மரத்தாலோ பலம் குறைந்தாலோ உடனே வர வேண்டும், சில பேருக்கு மேலே ஏறும் என்று.

"ஏறுது சார். வண்டியிலதான் மொதல்ல தெரிஞ்சுது. நான் ஒடிக்கிறேன்னு நெனைக்கிறேன், கை ஒடிக்கமாட்டேங்குது. வாரத்துக்கு வாரம் கொறையுது." அடுப்படிப் பக்கம் பார்த்துவிட்டு, "அவகிட்ட சொல்லாதீங்க. கையும் போனா என்னை யாரு சார் பாத்துக்கறது? ஒரு ஆளுக்கு எவ்வளவுதான் செய்யும் அது" என்றார்.

வாரத்துக்கு வாரம் என்று அவர் சரியாகத்தான் சொன்னார். என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அப்படி எதுவும் இருக்காது என்று ஏதோ சொல்லியிருப்பேன்.

பட்டறையில் அந்த அம்மாவிடம் சொன்னேன். சீவிக்கொண்டிருந்த துண்டு அவர் கையில் நொறுங்கிவிட்டது. கையில் ஒன்றும் இல்லை என்று டாக்டரே சொன்னால் நம்பிவிடுவார் என்று, அந்த வாரமே புதுச்சேரிக்கு அழைத்துப்போய்க் காட்டினோம். டாக்டர் சுத்தியால் தட்டிப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார், தன் இரண்டு விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்ததும் டாக்டர் வலிக்கிறது விடுங்கள் என்றார். கையில் ஒரு குறையும் இல்லை. வேனில் திரும்பி வரும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். கை பிடிக்கிறதா என்று பார்க்கத்தான் டாக்டருக்குத் தெரியும், ஸ்டீரிங்கை ஒடிக்கிறதா என்று பார்க்கத் தெரியுமா என்று மட்டும் ஒருமுறை கேட்டார்.

அவர் இப்போது இல்லை. சிறுநீரகத்தில் கிருமி ஏறிப் போனார். கை கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மா தங்கை வீட்டோடு கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய்விட்டார். எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் இருவரும் உடம்பைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் விசாரித்துக்கொள்கிறோம், வேறு எதையும் பேசுவதில்லை.

புதுச்சேரிக்குப் போய் வந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன்.

காலையில் அந்த அம்மா அவரைப் பின்கட்டில் குளிக்கவைத்துக்கொண்டிருக்கும்போது போய், கட்டிலுக்கு அடியிலிருந்து வண்டியை எடுத்து, எண்ணை மறுபடி நானூறு ஆக்கினேன். முதலில் சரிசெய்துவிட வேண்டும், அவர் ஒருமுறை முனையில் திரும்பட்டும், கை நன்றாக இருக்கிறது என்று அவருக்கே தெரியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்கிறவன் என்று எனக்குப் பெயர். அன்றைக்கு வரிசையைத் தப்பாகப் போட்டேன்.

ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள் என்றேன். வேண்டாம் என்றார். மிகவும் கேட்டுக்கொண்ட பிறகு ரிமோட்டை எடுத்தார். வண்டி வாசற்படி இறங்கி, தெருவின் நடுவே நேராகப் போயிற்று. டிரான்ஸ்ஃபார்மர் ஃபோனில் பெரிதாகிக்கொண்டே வந்தது. முனைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டார்.

"ஒடிங்க அண்ணே" என்றேன்.

"வேணாம் சார். சாக்கடையில விட்டா திரும்ப நீங்கதான் போயி எடுக்கணும்." ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "நீங்க திருப்புங்க. பாப்போம்."

நான் வாங்கியிருக்கக் கூடாது. வாங்கினேன். எனக்கு அவரைப்போல ஓட்ட வராது. ஆனாலும் சக்கரத்தை முழுவதும் திருப்பியதும் வண்டி மதிலை உரசாமல், சாக்கடைக்கு ஒரு சாண் விட்டு, ஒரே ஒடிப்பில் திரும்பியது. படத்தில் டீக்கடையின் பெஞ்சும் ஒரு லாரியின் பின்சக்கரமும் தெரிந்தன.

"பாத்தீங்களா" என்றார். அவர் குரலில் வருத்தமே இல்லை, ஒரு சந்தேகம் தீர்ந்த நிம்மதி இருந்தது. "வண்டியில ஒண்ணுமே இல்ல."

அப்போதுதான் சொன்னேன். முழுவதும் சொன்னேன். எந்த எண், எத்தனை குறைத்தேன், எப்படி ஒவ்வொரு ஞாயிறும் பேட்டரி என்று பொய் சொன்னேன், இன்று காலை எப்படித் திரும்ப வைத்தேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். குறுக்கே பேசவில்லை. முடித்ததும் என் கையை லேசாகத் தட்டினார்.

"நல்ல மனசு சார் உங்களுக்கு. ஆனா எனக்காக வண்டி மேல பழி போடாதீங்க."

லேப்டாப்பைத் திறந்து, மறுபடி குறைத்துக் காட்டுகிறேன், பாருங்கள், திரும்பாது என்றேன். நீங்கள் குறைத்தால் யார் ஓட்டினாலும் திரும்பாதுதான், அதிலிருந்து எனக்கு என்ன தெரியும் என்றார். அவர் சொன்னது சரி. லேப்டாப்பை மூடினேன்.

அந்த அம்மா அடுப்படியிலிருந்து வந்து வாசற்காலில் நின்றுகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. "அண்ணன் சொல்றது நெசம்தான். நாந்தான் செய்யச் சொன்னேன். பயந்துபோயி சொன்னேன்" என்றார். கை முழுவதும் மாவாக இருந்தது, அதைத் துடைக்கக்கூட இல்லை.

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ரெண்டு பேரும் சேந்து பேசி வச்சிக்கிட்டீங்களா" என்று சிரித்தார். "எத்தனை நாளா யோசிச்சீங்க இத?"

அந்த அம்மா உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். அழாதே, இன்னும் ஒன்றும் ஆகிவிடவில்லை, இடது கை நன்றாகத்தான் இருக்கிறது என்று அவர் சமாதானம் சொன்னார்.

அதற்குள் டீக்கடையில் யாரோ வண்டியைப் பார்த்துவிட்டார்கள். ஃபோனில் ஒரு முகம் குனிந்து பெரிதாக வந்தது. பின்னால் இன்னும் இரண்டு பேர். "டேய், யார்ரா இது? டிரைவரே, எங்கய்யா போயிட்ட இத்தனை நாளா? திரும்ப வந்துட்டியா?"

அவர் பனியனை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஃபோனின் பக்கம் சாய்ந்தார்.

"நான் ஓட்டலப்பா. சார் ஓட்டிக்கிட்டு வராரு. நான் சும்மா கூட உக்காந்து வரேன்."

அவர்கள் அவருடன் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு ஒரு லாரி கிளம்பும் சத்தம் கேட்டது, அவர்களும் போய்விட்டார்கள். வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. நானே ஓட்டி வந்தேன்.